கேள்வி–பதில்: தீவுக்கும் தீவுக்கும் இடையே எத்தனை மணி நேரம்?

கேள்வி: தென் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவின் விமான நிலையத்துக்கும் அசென்ஷன் தீவின் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இணையத்தில் மூன்று கணிப்பான்களில் தேடினேன். மூன்றும் 1,300 கிலோமீட்டரை ஒட்டியே காட்டினாலும், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் மாறுபட்டன. பறக்கும் நேரமோ ஒன்றில் ஒன்றரை மணி, இன்னொன்றில் இரண்டே கால் மணி. எதை நம்புவது? இதை நாமே கையால் கணக்கிட முடியுமா?

பதில்: தூரத்தை நம்பலாம், நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். கையாலும் கணக்கிடலாம், அதற்கு ஒரு தாளும் பள்ளிக்கூடத்தில் படித்த பித்தகோரஸ் தேற்றமும் போதும்.

கடல் மைல் என்ற அளவே இதற்கு வசதியாகப் பிறந்ததுதான். அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கலை, தரையில் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. செயின்ட் ஹெலினா விமான நிலையம் தெற்கு அட்சரேகை 15 டிகிரி 57 கலையிலும், அசென்ஷன் நிலையம் 7 டிகிரி 58 கலையிலும் இருக்கின்றன. வித்தியாசம் 7 டிகிரி 59 கலை, அதாவது 479 கலை. ஆகவே வடக்கு–தெற்காக 479 கடல் மைல். தீர்க்கரேகையில் முதலாவது மேற்கு 5 டிகிரி 39 கலை, இரண்டாவது மேற்கு 14 டிகிரி 24 கலை. வித்தியாசம் 8 டிகிரி 45 கலை, அதாவது 525 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கிக்கொண்டே போவதால், இந்த 525ஐ அப்படியே கடல் மைலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரு தீவுகளுக்கும் நடுவிலான அட்சரேகையின், அதாவது 12 டிகிரியின், கொசைன் மதிப்பான 0.978ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 513. இனி 479இன் வர்க்கத்தையும் 513இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 702 கடல் மைல் வரும். 1.852ஆல் பெருக்கினால் 1,300 கி.மீ. எந்தக் கணிப்பானும் இல்லாமல் நீங்கள் கண்ட எண்ணுக்கே வந்துவிட்டோம்.

கணிப்பான்களுக்குள் சில கிலோமீட்டர் வேறுபடுவதற்குக் காரணம் பூமி சரியான உருண்டையாக இல்லாததுதான். நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ.; துருவத்தில் 6,357 கி.மீ. சில கணிப்பான்கள் 6,371 என்ற சராசரி ஆரமுள்ள உருண்டையாகவே பூமியை எடுத்துக்கொள்கின்றன. மற்றவை தட்டையான துருவங்களையும் கணக்கில் சேர்க்கின்றன. இதனால் வரும் பிழை நூற்றுக்கு அரை பங்கைத் தாண்டாது என்பதால் அதைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை.

நேரத்தின் கதை வேறு. தூரத்தை மணிக்கு 850 கி.மீ. போன்ற ஏதோ ஒரு வேகத்தால் வகுத்தால் சுமார் ஒன்றரை மணி கிடைக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறையும் என்று அரை மணியைச் சேர்க்கும் கணிப்பான் இரண்டு மணி என்கிறது. ஓடுபாதைக்குச் செல்வதையும் நிறுத்துமிடத்துக்கு வருவதையும் சேர்க்கும் கணிப்பான் இன்னும் சற்றுக் கூட்டிச் சொல்கிறது. விமான நிறுவனங்கள் அட்டவணையில் அச்சிடுவது இந்தக் கடைசி வகை நேரத்தைத்தான்: சக்கரத்தின் அடைக்கட்டையை எடுத்த கணத்திலிருந்து மீண்டும் வைக்கும் கணம் வரை. இந்த இரு தீவுகளுக்கு இடையே இரண்டு மணி நேரம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. இரண்டு தீவுகளிலும் கிரீன்விச் நேரமே கடைப்பிடிக்கப்படுவதால் கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலையும் இல்லை.

கேள்வி: அப்படியானால் செயின்ட் ஹெலினாவில் காலையில் புறப்பட்டு அசென்ஷனில் மதிய உணவுக்குப் போய்விடலாம் என்று கொள்ளலாமா?

பதில்: புறப்படும் நாள் சரியாக அமைந்தால் போய்விடலாம். அந்த நாள்தான் அரிது. இரு தீவுகளையும் இணைக்கும் விமானச் சேவை 2017இன் இறுதியில் தொடங்கியபோது மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில்தான் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ஏர்லிங்க் நிறுவனத்தின் விமானம் செயின்ட் ஹெலினாவில் இறங்கி, அங்கிருந்து அசென்ஷனுக்குப் போய்த் திரும்பும். ஒரு விமானத்தைத் தவறவிட்டவருக்கு அந்த 1,300 கி.மீ.யின் பயண நேரம் இரண்டு மணி அல்ல, ஒரு மாதமும் இரண்டு மணியும். அசென்ஷனில் இறங்க முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் ஹெலினா மக்களில் பலர் அசென்ஷனில் வேலை பார்ப்பவர்கள். விமானம் வருவதற்கு முன்பு அவர்கள் ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா என்ற கப்பலில்தான் போய்வந்தார்கள். 702 கடல் மைலை மணிக்குப் பதினைந்து கடல் மைல் வேகத்தில் கடந்தால் 47 மணி நேரம், அதாவது ஏறத்தாழ இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும். அந்தக் கப்பல் 2018 பிப்ரவரியில் தன் கடைசிப் பயணத்தை முடித்தது.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்குச் செல்லும் விமானம் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது என்று படித்தேன். தூரம் 3,700 கி.மீ.கூட இல்லை, அந்த விமானமோ 4,500 கி.மீ. பறக்கக் கூடியது. பிறகு ஏன் நடுவில் நிற்க வேண்டும்?

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் தொலைதூரத் தீவுக்குப் பறப்பதன் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு விமானம் புறப்படும்போது சேருமிடம் வரைக்குமான எரிபொருளை மட்டும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. சேருமிடத்தில் மூடுபனியோ, ஓடுபாதையில் நின்றுபோன வேறொரு விமானமோ இருந்தால், அருகிலுள்ள மாற்று விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் அளவுக்கும், அதற்கு மேல் சிறிது நேரம் வட்டமிடும் அளவுக்கும் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். பெரு நகரங்களுக்கு இடையே இது சிறிய சுமை. மாற்று நிலையம் இருபது நிமிடத் தொலைவில் இருக்கும். செயின்ட் ஹெலினாவுக்கு மிக அருகிலுள்ள மாற்று நிலையம் எது? நாம் மேலே கணக்கிட்ட அதே அசென்ஷன்தான், 1,300 கி.மீ. தள்ளி, அதுவும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இன்னும் விலகிப் போகும் திசையில். இவ்வாறு தனித்துக் கிடக்கும் நிலையங்களுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் ஒரு வழி வகுத்திருக்கின்றன: மாற்று நிலையத்துக்குப் பதிலாக, சேருமிடத்துக்கு மேலே வந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்கத் தேவையான எரிபொருளை வைத்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தீவுக்கு 3,680 கி.மீ.; இரண்டு மணி நேர எரிபொருள் என்பது தூரத்தில் சுமார் 1,700 கி.மீ.; கூட்டினால் 5,380 கி.மீ. அந்தச் சேவைக்குப் பயன்படும் எம்ப்ரேயர் 190 வகை விமானத்தால் இது முடியாது. நமீபியக் கடற்கரையில் உள்ள வால்விஸ் பேயிலிருந்து புறப்பட்டால் தீவுக்கு 2,260 கி.மீ.தான், அதோடு 1,700ஐக் கூட்டினால் 3,960 கி.மீ. இது அடங்கும். திரும்பி வரும்போது ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றி மாற்று நிலையங்கள் நிறைய இருப்பதால், அதே தூரத்தை நிற்காமலேயே பறந்துவிட முடியும். ஒரே இரண்டு ஊர்கள், ஒரே விமானம், போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு வேறு நேரம்.

செயின்ட் ஹெலினாவில் காற்றின் தொல்லையும் உண்டு. கடலைப் பார்த்த செங்குத்தான பாறைகளுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கை நிரப்பி அமைத்த ஓடுபாதை அது. வீசும் காற்று அந்தப் பாறைகளில் மோதி மேலெழுந்து சுழல்வதால், இறங்கும் விமானத்தின் மேல் காற்றின் திசையும் வேகமும் நொடிக்குள் மாறிவிடுகின்றன. இதை விமானிகள் விண்ட் ஷியர் என்கிறார்கள். 2016 ஏப்ரலில் ஒரு போயிங் 737 சோதனைக்காக இறங்கியபோதே இந்த ஆபத்து வெளிப்பட்டு, அடுத்த மாதம் நடக்க இருந்த திறப்பு தள்ளிப்போனது. 2017 அக்டோபர் 14 அன்றுதான் முதல் அட்டவணை விமானம் வந்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் இந்த இடைவெளியில் அதை உலகின் மிக உபயோகமற்ற விமான நிலையம் என்று எழுதித் தீர்த்தன. அந்தப் பட்டம் அநியாயமானது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் எடையைக் குறைப்பதற்காக விமானத்தில் 76 பயணிகளை மட்டுமே ஏற்றினார்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் நமக்கு, எத்தனை இருக்கைகளைக் காலியாக விட வேண்டும் என்பதும் அதே கேள்வியின் ஒரு பகுதி என்று தோன்றுவதில்லை.

கேள்வி: சிலியின் சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவுக்கு மூன்றரை மணி நேரம் என்றும், திரும்பி வர ஏறக்குறைய ஏழு மணி நேரம் என்றும் ஓர் அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டேன். எதிர்காற்று இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குமா?

பதில்: காற்று வித்தியாசத்தை உண்டாக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் திசையில் அல்ல. போகும்போதுதான் அதிக நேரம் ஆகிறது.

நீங்கள் செய்த தவறு எல்லோரும் செய்வதே. அட்டவணையில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். ஈஸ்டர் தீவின் கடிகாரம் சாண்டியாகோவைவிட இரண்டு மணி நேரம் பின்தங்கியது. காலை 9.30க்குப் புறப்பட்டு ஐந்தரை மணி நேரம் பறந்தால் சாண்டியாகோவில் பிற்பகல் 3 மணியாக இருக்கும். தீவில் அப்போது 1 மணிதான். தாளில் மூன்றரை மணி நேரமாகத் தெரிவது உண்மையில் ஐந்தரை. திரும்பும்போது பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு நாலே முக்கால் மணி நேரம் பறந்தால் தீவுக் கடிகாரத்தில் 6.45, சாண்டியாகோவில் 8.45. தாளில் ஆறே முக்கால் மணி நேரமாகத் தெரிவது உண்மையில் நாலே முக்கால்.

இப்போது காற்றுக்கு வருவோம். தூரம் 3,750 கி.மீ. அந்த அட்சரேகைகளில் உயரத்தில் வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியது. தீவுக்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 850 கி.மீ. என்றும் காற்று 100 கி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், போகும்போது தரைவேகம் 750. ஐந்து மணி நேரம் ஆகும். வரும்போது 950, நான்கு மணிக்குச் சற்றுக் குறையும். ஏறி இறங்க அரை மணியை இரண்டிலும் சேர்த்தால் நடைமுறைக்கு அருகில் வந்துவிடுகிறோம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுவோம் என்று தோன்றும்; கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காற்றே இல்லாவிட்டால் போய்வரப் பறக்கும் நேரம் 8 மணி 49 நிமிடம். மேற்சொன்ன காற்று இருந்தால் 8 மணி 57 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் செலவிடுவதால், அந்தக் காற்று அதை அதிக நேரம் தடுக்கிறது. காற்று எவ்வளவு வலுக்கிறதோ அந்த நட்டமும் அவ்வளவு கூடும்.

மாத்தாவேரி என்ற அந்தத் தீவின் நிலையத்துக்கு மிக அருகிலுள்ள வேறொரு விமான நிலையம் சுமார் 2,600 கி.மீ. தள்ளி, பிரெஞ்சு பாலினீசியாவின் மங்கரேவாவில் இருக்கிறது. ஆகவே இங்கும் இரண்டு மணி நேரக் கூடுதல் எரிபொருள் விதிதான். வழியில் ஓர் இடத்தைத் தாண்டிய பிறகு, திரும்பிப் போக எரிபொருள் போதாது, தீவில் இறங்கியே தீர வேண்டும். அதைத் திரும்ப முடியாத புள்ளி என்பார்கள். தீவின் வானிலையும் ஓடுபாதையின் நிலையும் நன்றாக இருக்கின்றன என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே விமானி அதைத் தாண்டுவார். 1951 ஜனவரியில் ரொபெர்த்தோ பர்ராகே என்ற சிலி நாட்டு விமானி கட்டலினா வகைக் கடல்விமானத்தில் முதன்முதலாகச் சிலியிலிருந்து இந்தத் தீவுக்குப் பறந்தபோது அவருக்குப் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கேள்வி: ஈஸ்டர் தீவிலிருந்து தஹிதிக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

பதில்: மாத்தாவேரியிலிருந்து பப்பீட்டே நிலையத்துக்கு ஏறத்தாழ 4,250 கி.மீ. நேரடி விமானம் இருந்தால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். கொரோனாவுக்கு முன்பு சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவு வழியாகத் தஹிதிக்கு விமானம் போய்க்கொண்டிருந்தது. 2020இல் அது நின்றது. நேரடி விமானம் இல்லாத நிலையில் ஒருவர் செய்ய வேண்டியதை எண்ணிப் பாருங்கள்: கிழக்கே சாண்டியாகோவுக்கு 3,750 கி.மீ.; அங்கிருந்து பசிபிக்கைக் குறுக்கே கடந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு 9,650 கி.மீ.; மறுபடி வடகிழக்கே தஹிதிக்கு 4,090 கி.மீ. மொத்தம் ஏறத்தாழ 17,500 கி.மீ. கணிப்பான் காட்டும் தூரத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

கேள்வி: ஒரு தீவிலிருந்து திங்கட்கிழமை புறப்பட்டு அடுத்த தீவில் ஞாயிற்றுக்கிழமை இறங்கலாம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மைதான். சமோவாவின் ஃபலெயோலோ நிலையத்துக்கும் அமெரிக்கச் சமோவாவின் பாங்கோ பாங்கோ நிலையத்துக்கும் இடையே 150 கி.மீ.தான், சிறு விமானத்தில் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே தேதிக்கோடு ஓடுகிறது. இரு கடிகாரங்களிலும் மணி ஒன்றே, நாள்தான் வேறு. வித்தியாசம் சரியாக இருபத்து நான்கு மணி நேரம். சமோவாவில் திங்கள் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் ஞாயிறு காலை 10.40க்கு இறங்குவார். முன்பு இரு தீவுகளிலும் ஒரே நாள்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் செய்வதற்கு வசதியாக இருக்கட்டும் என்று சமோவா 2011இல் கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியது. அந்த ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி வியாழக்கிழமை முடிந்ததும் அங்கே 31ஆம் தேதி சனிக்கிழமை பிறந்தது. வெள்ளிக்கிழமையே இல்லை. ஹோனலுலுவுக்கும் கிரிபாத்தி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவுக்கும் இடையேயும் இதே நிலைதான்: 2,150 கி.மீ., சுமார் மூன்று மணி நேரம், ஒரே மணி, வேறு நாள். இப்படிப்பட்ட பயணச்சீட்டை வாங்கும்போது மணியைவிடத் தேதியைத்தான் இருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: தீவுகளுக்கு இடையே மிகக் குறுகிய விமானப் பயணம் எது?

பதில்: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரேக்கும் பாபா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று உதவிய ஒரு நாளில் 53 வினாடிகளில் கடந்திருக்கிறார்கள். ஈஸ்டர் தீவின் ஓடுபாதையே 3.3 கி.மீ. நீளம் என்பதால், இந்தப் பயணம் முழுவதையும் அந்த ஓடுபாதைக்குள் அடக்கிவிடலாம். அமெரிக்க விண்வெளி ஓடம் அவசரத்துக்கு இறங்க நேரிட்டால் உதவும் என்று 1980களில் நீட்டிய ஓடுபாதை அது.

கேள்வி: செயின்ட் ஹெலினாவிலிருந்து டிரிஸ்டான் டா குன்யாவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?

பதில்: தூரம் சுமார் 2,400 கி.மீ. கணிப்பான் மூன்றேகால் மணி நேரம் என்று தயங்காமல் சொல்லும். டிரிஸ்டான் டா குன்யாவில் விமான நிலையமே இல்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.